நாலு பேரும் நாலு ஊசியும்

தையலில் ஆசையுள்ள பெண்களின் அலமாரியைத் திறந்தால் பாதியில் நின்ற வேலைகள் கட்டாயம் இருக்கும். மூன்று இதழோடு நின்ற தலையணை உறை, பிரேமைக் கூடக் கழற்றாமல் மடித்து வைத்த கேஸ்மென்ட் துணி, ஒரு கை மட்டும் பின்னிய குழந்தைச் சட்டை. இவை கைத்திறன் போதாமல் நின்றவை என்று நான் நம்பவில்லை. சமையல், பிள்ளைகளின் பாடம், மாமியாரின் மருந்து நேரம் என்று வரிசை நீளும்போது தனக்கென்று எடுத்த வேலைதான் முதலில் ஓரம் போகும். அதை ஓரம் போகாமல் காக்க எளிய வழி ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு பிற்பகலை நாலு பேருக்கு வாக்குக் கொடுத்துவிடுங்கள். "நான் தைக்கப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் ஆயிரம் வேலை நினைவுக்கு வரும். "எதிர்வீட்டு அக்கா காத்திருப்பாங்க" என்றால் அந்த இரண்டு மணி நேரம் கிடைத்துவிடும்.

கூடி உட்கார்ந்து தைப்பது நம் ஊருக்குப் பழகியதுதான். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட், அடுத்த சில ஆண்டுகளில் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே போனது. திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, சின்ன மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் முறை அது. அதுவரை எழுத்தும் கூலியும் எட்டாத வீட்டுப் பெண்கள் அந்தத் திண்டுகளைச் சுற்றி உட்கார்ந்து கைக்காசு பார்த்தார்கள். நீலகிரியில் தோடர் பெண்கள் பிரேமும் இல்லாமல், வரைந்த கோடும் இல்லாமல், முரட்டு வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் தங்கள் போர்வைக்குப் பூ வேலை செய்கிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் காலத்துக்கு வந்தால், சென்னையில் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் தனித்தனி வீடுகளில் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து, 2016 ஜனவரியில் கின்னஸ் சாதனை படைத்தார்கள். இவ்வளவு பெரிதாக நமக்கு வேண்டாம். ஒரு கூடம், ஒரு பாய், நாலு பேர் போதும்.

யாரைச் சேர்ப்பது

நாலு பேரில் தொடங்குங்கள். ஆறு வரை வளரலாம். எட்டைத் தாண்டினால் பேச்சு இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும், வீட்டுக்காரருக்கும் நாற்காலி போதாது. நாலு பேரும் ஒரே வயதாக இருக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் ஒரு மூத்தவர் இருப்பது பெரிய பலம். பள்ளியில் தையல் டீச்சரிடம் படித்து, மாதிரித் துண்டுகளை நோட்டில் ஒட்டி வைத்த தலைமுறை அது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் எழுதித் தேறிய அத்தையோ பெரியம்மாவோ உங்கள் தெருவிலேயே இருக்கலாம். காம்புத் தையலையும் காஜா தையலையும் அவர்கள் கை மறந்திருக்காது. கல்லூரிப் பெண் ஒருத்தியும் இருந்தால் புதுப் புது மாதிரிகளைப் போனில் தேடி எடுத்துத் தருவாள், வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு ஊசியில் நூலும் கோத்துத் தருவாள்.

ஒரே வீட்டு மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் இருக்கலாமா என்று கேட்கிறார்கள். இருவரும் விரும்பி வந்தால் தாராளமாக. ஒருவர் இன்னொருவரை இழுத்து வந்தால் வேண்டாம். இந்தப் பிற்பகல் யாருக்கும் கடமையாகிவிடக் கூடாது.

எந்த வேலை கூட்டத்துக்கு ஏற்றது

இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இன்று தமிழ்நாட்டில் தையல் வகுப்பு என்றாலே ஆரி வேலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கல்யாண ஜாக்கெட்டின் கையிலும் முதுகிலும் அது இல்லாத வீடு குறைவு. ஆரி அருமையான கலை. ஆனால் அது முழுக் கவனத்தையும் கேட்கிறது. மரச் சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, வலக்கை மேலே கொக்கி ஊசியைப் பிடிக்க, இடக்கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். குத்திய ஊசியை நூல் கொக்கியில் மாட்டும்படி திருப்பி எடுக்கும்போது கண்ணைத் திருப்பினால் சங்கிலி அறுந்து போகும். பழகிய கைகளால் பேசிக்கொண்டே செய்ய முடியும். புதியவரால் முடியாது. எனவே ஆரியை வகுப்பில் கற்றுக்கொள்ளுங்கள், கூட்டத்துக்குக் கை எம்ப்ராய்டரியையோ குரோஷாவையோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

கை எம்ப்ராய்டரியிலும் பேச்சுக்கு இடம் தரும் தையல்கள் சில. ஓட்டுத் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல், லேசி டெய்சி ஆகியவை சிரித்துக்கொண்டே போடக்கூடியவை. பிரெஞ்சு முடிச்சுக்கு நூலைச் சுற்றும் அந்த ஒரு நொடி மட்டும் பார்வை வேண்டும். நிழல் விழும்படி இதழை நிரப்பும் லாங் அண்ட் ஷார்ட் தையலும், இழை எண்ணிப் போடும் குறுக்குத் தையலும் வீட்டில் அமைதியான நேரத்துக்கு உரியவை. இதைக் கவனிக்காமல் கடினமான மாதிரியை எடுத்து வந்தவர்கள் இரண்டு மணி நேரமும் தலையைக் குனிந்தபடி இருந்துவிட்டு, தையலும் சரியாக வராமல், பேச்சிலும் கலக்காமல் வீடு திரும்புவார்கள்.

குரோஷா கற்பவர்கள் உல்லனை விட்டுவிட்டுப் பருத்தி நூலில் தொடங்கலாம். சமவெளியின் வெயிலில் உல்லன் கையில் வியர்த்து ஒட்டும். பருத்தி நூலில் பின்னிய பையும் மேசை விரிப்பும் அன்றாடம் பயன்படும், துவைத்தாலும் தாங்கும்.

வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

நாலு பேரில் யாருக்கும் அடிப்படை தெரியாவிட்டால் முதலில் சேர்ந்தே ஒரு வகுப்புக்குப் போங்கள். தோழியோடு சேர்ந்து போவதில் ஒரு பலன் உண்டு. ஆசிரியர் சொன்னதில் ஒருத்திக்கு விட்டுப்போனது இன்னொருத்திக்கு நினைவிருக்கும்.

பணம் கட்டுமுன் ஆசிரியர் செய்த வேலையைக் கையில் வாங்கிப் பாருங்கள். வாங்கியதும் துணியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். முடிச்சும் இழுத்த நூலும் இல்லாமல் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால் அவரிடம் தாராளமாகச் சேரலாம். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? பொருள்களை அவரிடமே வாங்க வேண்டுமா, வெளியிலும் வாங்கலாமா? தப்பாகப் போட்டதைப் பிரித்து மறுபடி போட நேரம் தருவாரா? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலே எனக்கு முக்கியம். ஒரே நாளில் முப்பது நாற்பது தையல் சொல்லித் தருவதாக விளம்பரம் செய்யும் வகுப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே நோட்டு நிறையும், கை பழகாது. ஒரு தையலை ஒரு சாண் நீளத்துக்கு ஒரே சீராகப் போட வந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

கற்பவர் வலக்கைக்காரராக இருந்தால் ஆசிரியரின் பக்கத்தில் உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்தால் கை அசைவு இடம் வலம் மாறித் தெரியும். இடக்கைக்காரர் எதிரே உட்கார வேண்டும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஆசிரியரின் வலக்கை அசைவு இவருடைய இடக்கைக்கு அப்படியே பொருந்தும். இடக்கைக்காரப் பெண்கள் பலர் 'எனக்குத் தையல் வராது' என்று நம்பி வளர்ந்திருக்கிறார்கள். உட்காரும் இடத்தை மாற்றினாலே அவர்களுக்கு வேலை பிடிபட்டுவிடும்.

மாதக்கணக்கில் வகுப்புக்குப் போக முடியாதவர்கள் ஒருநாள் பயிற்சிகளைத் தேடலாம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ராவில் கைவினைப் பயிற்சிகள் நடக்கும். நாலு பேரும் வேன் பிடித்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் வர நல்ல இடம். அங்குள்ள பழைய வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம்.

வாங்க வேண்டியவை

அதிகம் வாங்காதீர்கள். ஒருவருக்கு ஆறு அங்குல பிரேம் ஒன்று, எம்ப்ராய்டரி ஊசி ஒரு பாக்கெட், சின்னக் கத்தரிக்கோல், ஐந்தாறு நிறத்தில் ஆங்கர் நூல், அரை மீட்டர் துணி. நாலு பேருக்கும் பொதுவாக ஒரு மஞ்சள் கார்பன், டிரேசிங் தாள், குண்டூசி டப்பா. சென்னைக்காரர்கள் துணிக்கு கோடவுன் தெருவுக்குப் போகலாம். மற்ற ஊர்களில் தையல்காரர்கள் நூலும் பொத்தானும் வாங்கும் கடை எது என்று கேட்டுக்கொண்டு அங்கே போங்கள். பேன்சி ஸ்டோரை விட விலையும் குறையும், நிறமும் கூடுதலாகக் கிடைக்கும்.

துணியைத் தைக்குமுன் ஒருமுறை தண்ணீரில் அலசிக் காயவைத்துவிட வேண்டும். அலசாத பருத்தித் துணி பிறகு சுருங்கும்போது பூ வேலையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சிவப்பு, கறுப்பு, கருநீல நூல்களை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெள்ளைத் துணியில் அந்த நூலைப் போடாதீர்கள்.

ஒரு கண்டு ஆங்கர் நூல் 8 மீட்டர் இருக்கும். அதில் ஆறு இழை. பூவின் இதழுக்கு இரண்டு இழை, காம்புக்கு மூன்று போதும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை உள்ள நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். நீளமாக வெட்டினால் ஊசி கோர்க்கும் வேலை குறையும் என்று தோன்றும், ஆனால் முடிச்சு விழுந்து அதைவிட அதிக நேரம் போகும். இழைகளை மொத்தமாகப் பிய்க்கக் கூடாது. ஒவ்வொரு இழையாக நேரே மேல்நோக்கி உருவி, பிறகு வேண்டிய அளவு சேர்த்துக்கொண்டால் சிக்காது. புதியவர்களுக்கு வரும் தொல்லைகளில் பாதி இந்த ஒன்றிலேயே தீரும்.

முதல் வேலையாக எல்லாரும் ஒரு கைக்குட்டை செய்யலாம். பன்னிரண்டு அங்குலச் சதுரம், ஓரம் மடித்து ஓட்டுத் தையல், ஒரு மூலையில் லேசி டெய்சியில் ஐந்து இதழ்ப் பூ, காம்புத் தையலில் ஒரு தண்டு. இரண்டு பிற்பகலில் முடிந்துவிடும். முடிந்த பொருள் ஒன்று கையில் இருப்பது அடுத்த வாரம் வரவழைக்கும். இஸ்திரி போடும்போது தடித்த துண்டின் மேல் பூவைக் குப்புற வைத்து அடிப்பக்கத்தில் தேய்த்தால் பூ அமுங்காது.

பிற்பகலை நடத்துதல்

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின், மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை நல்ல நேரம். பகல் வெளிச்சம் இருக்கும், பிள்ளைகள் விளையாடப் போயிருப்பார்கள். வலக்கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும்படி உட்கார வையுங்கள். சோபா வேண்டாம், முதுகு வளைந்துவிடும். சுவரோரம் பாயோ, கைப்பிடியில்லாத நாற்காலியோ சரி. அரை மணிக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி சன்னலுக்கு வெளியே தூரத்தில் எதையாவது பாருங்கள், கண் ஆறும்.

வாரம் ஒரு வீடு என்று முறை வைத்தால் நல்லது. அப்போது ஒரு ஆபத்தும் வரும். முதல் வாரம் பஜ்ஜி போட்டவரைப் பார்த்து அடுத்தவர் பஜ்ஜியோடு கேசரியும் கிண்டுவார். நாலாவது வாரத்துக்காரர் காலையிலிருந்தே அடுப்படியில் நிற்பார், தைக்கத் தெம்பு இருக்காது. தொடக்கத்திலேயே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: டீ அல்லது மோர், அதோடு ஒரே ஒரு பலகாரம். அதுவும் ஐந்து மணிக்கு, துணிகளை மடித்து வைத்த பிறகு. எண்ணெய் விரலும் சுண்டல் மஞ்சளும் துணியில் பட்டால் போக்குவது கடினம்.

ஊசிகளை எண்ணித் தொடங்கி எண்ணி முடியுங்கள். ஒரு சின்ன டப்பாவில் காந்தத் துண்டு ஒன்றை ஒட்டி நடுவில் வைத்தால் ஊசிகள் அதிலேயே நிற்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் பாயில் உட்காராமல் மேசையைச் சுற்றி உட்காருங்கள். விழுந்த ஊசி கிடைக்கும் வரை யாரும் எழுந்து போகக் கூடாது.

இன்னொருவர் கையிலிருக்கும் வேலையைக் கேட்காமல் வாங்கித் திருத்தாதீர்கள். "அக்கா, இந்த இடம் சுருங்குது, என்னன்னு பாருங்க" என்று அவளே நீட்டும்போது சொல்லிக்கொடுக்கலாம். வேகமாகத் தைப்பவர் தன் கையை மெதுவாகத் தைப்பவரோடு ஒப்பிட்டுப் பேசினால் அந்த மெதுவானவர் மூன்றாம் வாரம் வரமாட்டார். பேச்சுக்கு நான் தடை வைக்கச் சொல்லவில்லை. தலை குனிந்து கை வேலை செய்துகொண்டிருக்கும்போது முகத்துக்கு நேரே சொல்ல முடியாத வருத்தங்களும் வெளியே வரும். அப்படி வந்தவை அந்தக் கூடத்திலேயே நிற்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பு தேவை.

பழைய சேலை விரிப்பு

ஓரளவு கை பழகிய பிறகு கூட்டமாகச் செய்ய இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. கட்டிக் கட்டி மிருதுவான பருத்திச் சேலைகளை அடுக்கித் தைத்துப் பிறந்த குழந்தைக்கு விரிப்பு செய்வது நம் பாட்டிமார் வழக்கம். வங்காளத்துப் பெண்களும் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா செய்தார்கள். இதற்கு வேண்டியது ஓட்டுத் தையல் ஒன்றுதான். ஆகவே நேற்றுக் கற்றவரும் நாற்பது வருடம் தைத்தவரும் ஒரே துணியில் உட்காரலாம்.

வெளுத்த சுங்குடியோ வாயிலோ, இரண்டு சேலை எடுங்கள். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம், வியர்வையை உறிஞ்சாது. துவைத்துக் காயவைத்து, இற்றுப்போன இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு மீட்டர் நீளம் முக்கால் மீட்டர் அகலத்தில் நாலு துண்டு வெட்டுங்கள். நல்ல நிறம் மேலும் கீழும் வரட்டும். தரையில் பரப்பி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிச் சுருக்கம் எடுத்துக்கொண்டே போய் நாலு அங்குல இடைவெளியில் பெரிய பெரிய நூலோட்டம் போடுங்கள். இதை அவசரமாகச் செய்தால் பிறகு விரிப்பு முழுவதும் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். அரை நாள் ஆனாலும் ஆகட்டும்.

பிறகு நாலு பேரும் நாலு பக்கம் உட்காருங்கள். நடுக்கோட்டில் தொடங்கி வெளிப்பக்கமாக, ஒரு அங்குல இடைவெளியில் ஓட்டுத் தையல் வரிசைகள். ஒருவர் தையல் பொடியாக இருக்கும், இன்னொருவருடையது நெல் நெல்லாக நீண்டிருக்கும். ஒரே மாதிரி ஆக்க முயல வேண்டாம். யார் எந்தப் பக்கம் தைத்தார் என்று பின்னால் விரல் வைத்துச் சொல்ல முடிவதுதான் இந்த விரிப்பின் அழகு. நூல் முனைகளை முடிச்சிடாமல் அடுக்குகளுக்கு உள்ளே செருகி விடுங்கள், குழந்தையின் தோலில் உறுத்தாது. மணி, பொத்தான், சம்கி எதுவும் கூடாது. கடைசியில் சேலைக் கரையைப் பட்டையாக வெட்டி ஓரம் கட்டி, நூலோட்டத்தை உருவிவிடுங்கள்.

பிள்ளை பிறக்குமுன் பொருள் வாங்கி வைக்காத குடும்பங்கள் பல. அங்கே வளைகாப்புக்குக் கொடுக்காமல் தொட்டில் போடும் நாளில் கொடுங்கள். கொடுக்கும்போது எப்படித் துவைப்பது என்று சொல்லிவிடுங்கள்: குளிர்ந்த தண்ணீர், குறைந்த சோப்பு, நிழலில் காயவைத்தல்.

காசுக் கேள்வி

சில மாதங்களில் யாராவது கேட்பார்கள்: "இவ்வளவு அழகா செய்றீங்களே, ஆர்டர் எடுக்கலாமே?" தையல் தொழிலால் குடும்பத்தை நிறுத்திய பெண்கள் நம் ஊரில் நிறைய. தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில், சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்கள் மறந்துபோகவிருந்த தங்கள் பூ வேலையை மீட்டெடுத்து, 'போர்காய்' என்ற பெயரில் சேர்ந்து விற்கிறார்கள். அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. அப்படிப்பட்டவர்களிடம் விலை பேசாமல் வாங்குங்கள். அவர்கள் மாதிரியைப் பார்த்துத் தைத்து அதே பெயரில் விற்காதீர்கள்.

ஆனால் உங்கள் சனிக்கிழமை வட்டத்தை ஆர்டர் பிடிக்கும் இடமாக மாற்ற வேண்டாம். ஆர்டர் வந்தால் தேதி வரும், தேதி வந்தால் மெதுவாகத் தைப்பவர் மேல் எரிச்சல் வரும், பிறகு கூலியைப் பங்கு பிரிக்கும் கணக்கு வரும். தொழில் செய்ய விரும்புகிறவர் அதற்கென்று வேறு நாளும் வேறு இடமும் வைத்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை மூன்று மணிக்கு அவரும் மற்றவர்களைப் போலவே தன் கைக்குட்டையோடு வரட்டும்.

இன்றே இரண்டு பேரிடம் பேசுங்கள். நாலாவது ஆள் தானாக வந்து சேரும் வரை காத்திருக்காமல் மூன்று பேராக இந்தச் சனிக்கிழமையே உட்காருங்கள். முதல் நாளுக்குத் துணியும் நூலும் நீங்களே வாங்கி வையுங்கள், கணக்கை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.